அக்ரிலிக் பிக்கிள்பால் கோர்ட் போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விளையாட்டுத் தளங்கள் போடும் வேலையை மேற்பார்வை பார்ப்பது என் தொழில். முன்பெல்லாம் டென்னிஸ், கூடைப்பந்து பற்றித்தான் கேட்பார்கள். இப்போது வரும் போன்களில் பெரும்பாலானவை, தாழ்வான வலைக்கு இரு பக்கமும் நின்று மட்டையால் பிளாஸ்டிக் பந்தை அடித்து ஆடும் பிக்கிள்பால் பற்றியவை. கேட்பவர்கள் அபார்ட்மென்ட் சங்கத்துக்காரர்கள், பள்ளி நிர்வாகிகள், சும்மா கிடக்கும் மனையை வாடகைக் கோர்ட்டாக்க நினைப்பவர்கள். சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றேதான். கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டு வெயிலையும் மழையையும் மனதில் வைத்து எழுதியது இது.

கோர்ட் 20-க்கு 44 அடின்னு படிச்சேன். என் மனை 25-க்கு 50. தாராளமா போதும்ல?

போதாது. 20-க்கு 44 என்பது கோட்டுக்குள் இருக்கும் அளவு மட்டும். ஆடுகிறவர் கோட்டுக்கு வெளியேயும் ஓட வேண்டும். சுற்றிலும் இடம் சேர்த்துக் குறைந்தது 30-க்கு 60 அடி வேண்டும். 34-க்கு 64 இருந்தால் நிம்மதியாக ஆடலாம்.

உங்கள் மனையில் கோர்ட்டை நடுவில் வைத்தால் பக்கவாட்டில் இரண்டரை அடியும் பின்னால் 3 அடியும்தான் மிஞ்சும். ஆழமாக வரும் சர்வை எடுக்கப் பின்வாங்குகிறவர் நேராகச் சுவரில் முதுகை இடிப்பார். சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் சேர்ந்து ஆடும் விளையாட்டு இது. அந்த இடத்தில் முழுக் கோர்ட் போடாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

எங்க அபார்ட்மென்ட்ல பேட்மின்டன் கோர்ட் இருக்கு. அளவு ஒண்ணுதானே, அதையே மாத்திக்கலாமா?

வெளி அளவு ஒன்றேதான், அது தற்செயலும் இல்லை. 1965-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பெயின்பிரிட்ஜ் தீவில் ஜோயல் பிரிட்சர்டும் நண்பர்களும் இந்த விளையாட்டைத் தொடங்கியதே ஒரு பழைய பேட்மின்டன் கோர்ட்டில்தான்.

ஆனால் உள்கோடு வேறு. பேட்மின்டனில் வலையிலிருந்து ஆறரை அடியில் இருக்கும் சர்வீஸ் கோடு இங்கே உதவாது. பிக்கிள்பாலில் வலையை ஒட்டி 'கிச்சன்' என்று ஒரு பகுதி உண்டு, அதற்குள் நின்று பந்தைத் தரையில் படும் முன் அடிக்கக் கூடாது. அது வலையிலிருந்து 7 அடி. வலையும் தாழ்வு: ஓரத்தில் 36 இன்ச், நடுவில் 34 இன்ச். தளம் நல்ல சிமென்ட் தரையாக இருந்தால் முதலில் கோட்டை மட்டும் போட்டு, நகர்த்தும் வலையை வைத்து ஆறு மாதம் ஆடிப் பாருங்கள். ஆட்கள் தொடர்ந்து வருகிறார்கள் என்று தெரிந்தபின் அக்ரிலிக்குக்குச் செலவு செய்யலாம்.

அக்ரிலிக்னா பெயின்ட்தானே? மொட்டை மாடிக்கு அடிக்கிற பெயின்ட்டை அடிச்சா ஆகாதா?

ஆகாது. இரண்டும் தண்ணீரில் கரைந்து வரும் அக்ரிலிக்தான். ஆனால் கோர்ட்டுக்கான பொருளில் நுண்ணிய சிலிக்கா மணல் கலந்திருக்கும், அல்லது தளத்தில் வைத்துக் கலப்பார்கள். கால் வழுக்காமல் பிடிப்பதும், பந்து சறுக்கிக்கொண்டு ஓடாமல் எழும்புவதும் அந்த மணலால்தான். வெறும் பெயின்ட் அடித்த தரையில் நாலு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் போதும், ஆள் விழுவார்.

மணல் அதிகமானாலும் தொந்தரவுதான். உப்புத்தாள் போலச் செருப்பையும் பந்தையும் தின்னும், விழுந்தால் முழங்கால் தோல் போய்விடும். அதனால்தான் எவ்வளவு மணல் என்பதைத் தயாரிப்பாளர் கொடுக்கும் அளவுப்படி எடை போட்டுக் கலக்க வேண்டும், கைக்கணக்கில் கொட்டக் கூடாது.

ஆற்று மணலோ எம்-சாண்டோ சலிச்சுப் போட்டா?

வேண்டாம். அதில் தூசியும் களிமண்ணும் இருக்கும், மணியும் ஒரே அளவில் இராது. காயவைத்த, 60 முதல் 80 மெஷ் (சல்லடைக் கண் அளவு) சிலிக்கா மணல் மூட்டையாகவே கிடைக்கிறது. மொத்தச் செலவில் அது ஒரு பொருட்டே இல்லை.

மொத்தம் எத்தனை கோட், அதாவது எத்தனை தடவை பூசணும்?

கான்கிரீட் மேல் பிடிப்புக்காக ஒரு பிரைமர். அதன்மேல் சின்னத் துளைகளை நிரப்பி, பரப்பை ஒரே சீராக்கும் ரீசர்பேசர் ஒன்று அல்லது இரண்டு கோட். பிறகு மணல் கலந்த கலர் இரண்டு அல்லது மூன்று கோட். கடைசியில் கோடு. எல்லாம் சேர்த்து ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் கனம்தான்.

இந்தக் கனத்தை நினைவில் வையுங்கள். இரண்டு மில்லிமீட்டர் பூச்சு தரையில் உள்ள பள்ளத்தை மூடாது, விரிசலைத் தாங்காது, ஈரத்தை அடக்காது. கீழே வரும் பாதிப் பதில்கள் இதிலிருந்து வருபவைதான்.

அடியில கான்கிரீட் நல்லதா, தார் நல்லதா?

இரண்டிலும் நல்ல கோர்ட்டுகள் உண்டு. வெளிநாடுகளில் தார்த்தளம் மிகவும் சாதாரணம். ஆனால் ஒரே ஒரு கோர்ட்டுக்காகத் தார் பரப்பும் மெஷினை இங்கே வரவழைப்பது கடினம். கையால் பரப்பினால் மேடுபள்ளம் நிச்சயம். சித்திரை வெயிலில் தார் இளகவும் செய்யும். அதனால் நம் ஊரில் நான் கான்கிரீட்டைத்தான் சொல்வேன்.

மேல்மண்ணை வேர் ஒட்டாமல் எடுத்துவிட்டு, கிராவல் கொட்டித் தண்ணீர் விட்டு ரோலர் ஓட்ட வேண்டும். அதன்மேல் ஜல்லிக் கலவை, அதற்கும் ரோலர். பிறகு கனமான பாலித்தீன் ஷீட், ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி. அதன்மேல் கம்பி கட்டி 4 முதல் 5 இன்ச் கனத்துக்கு எம் 25 தரக் கான்கிரீட். 30-க்கு 60 அடியில் 4 இன்ச் என்றால் 600 கன அடி, அதாவது 17 கன மீட்டர். ரெடிமிக்ஸ் லாரி மூன்று நடை. கையால் கலந்து இரண்டு மூன்று நாளாகப் போடாதீர்கள். ஒரே நாளில் முடிய வேண்டும்.

கரிசல் மண் என்றால் கதை வேறு. மழையில் உப்பி, வெயிலில் சுருங்கும் மண் அது. அந்த ஏற்ற இறக்கத்தில் எந்தத் தளமும் வெடிக்கும். அங்கே எவ்வளவு ஆழம் தோண்டி மாற்ற வேண்டும் என்பதை மண்ணைச் சோதித்துப் பார்த்த இன்ஜினியர்தான் சொல்ல வேண்டும்.

தரை மட்டமா இருந்தாத்தானே ஆட்டம் சரியா இருக்கும்? வாட்டம் எதுக்கு?

மட்டமான தரையில் மழைத்தண்ணீர் அப்படியே நிற்கும். நின்ற தண்ணீரில் தூசி சேர்ந்து பாசி பிடிக்கும், பூச்சு ஊறித் தளரும். 10 அடிக்கு ஒரு இன்ச் வாட்டம் வையுங்கள். 30 அடி அகலத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் 3 இன்ச் இறக்கம். ஆடுகிறவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

வாட்டம் எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். ஒரு பக்கவாட்டிலிருந்து மறு பக்கவாட்டுக்கு, ஒரே சரிவாக இருக்க வேண்டும். நடுவை மேடாக்கி இரண்டு பக்கமும் வழியவிடுவது கொத்தனார்களுக்கு வீட்டு வாசலில் பழகிய முறை. கோர்ட்டில் அப்படிச் செய்தால் வலைக்கு அடியில் திமில் போல ஒன்று நிற்கும். வேலை தொடங்கும் முன்பே கொத்தனாரிடம் உட்கார்ந்து இதைப் பேசிவிடுங்கள். கான்கிரீட் போட்டபின் பேசிப் பயனில்லை.

வாட்டம் சரியா வந்திருக்கான்னு எப்படிப் பார்க்கிறது?

தண்ணீரை விட்டுப் பாருங்கள். ஹோஸ் பிடித்துத் தளம் முழுக்க நனைத்துவிட்டு, வெயிலில் ஒரு மணி நேரம் காத்திருங்கள். பெரும்பாலான தண்ணீர் ஓடிக் காய்ந்திருக்கும். அங்கங்கே வட்டவட்டமாகச் சில ஈரத்திட்டுகள் மட்டும் மினுங்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு ரூபாய்க் காசைப் படுக்கவையுங்கள். காசின் மேல்முகம் காய்ந்து தெரிந்தால் விட்டுவிடலாம். தண்ணீர் காசை மூடி ஏறி, சிங்க முகம் தண்ணீருக்குள் தெரிந்தால் அது பள்ளம். சாக்பீஸால் விளிம்பை வரைந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் இதே சோதனையை 'நிக்கல்' எனப்படும் 5 சென்ட் காசு வைத்துச் செய்கிறார்கள். அது ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் கனம். நம் காசு கொஞ்சம் மெல்லியது, ஆகவே நம் சோதனை கொஞ்சம் கறாரானது.

வரைந்த இடங்களை அக்ரிலிக், மணல், சிமென்ட் கலந்த பேட்ச் கலவையால் நிரப்பி, காய்ந்தபின் மறுபடி தண்ணீர் விட வேண்டும். கலர் அடிக்கிறவர்கள் 'கோட் ஏறினால் சரியாகிவிடும்' என்பார்கள். ஆகாது. கனக் கணக்கை மேலே சொல்லிவிட்டேன். இந்த ஒரு மணி நேரம் உரிமையாளர் தளத்தில் நேரில் இருந்தே ஆக வேண்டும்.

எங்க கொத்தனார் கண்ணாடி மாதிரி தேய்ச்சுக் கொடுத்திருக்கார். நல்ல வேலைதானே?

வீட்டுக்கு நல்ல வேலை. கோர்ட்டுக்கு இல்லை. மழமழப்பான கான்கிரீட்டில் அக்ரிலிக் பிடிக்க இடமில்லை, சில மாதத்தில் அப்பளம் போல உரிந்து வரும். கடைசித் தேய்ப்பு முடிந்ததும் நார்த் துடைப்பத்தை ஒரே திசையில் இழுத்து மெல்லிய சொரசொரப்பு கொண்டுவர வேண்டும். ஏற்கெனவே தேய்த்தாயிற்று என்றால் கிரைண்டிங் மெஷின் ஓட்டுவதுதான் வழி. ஆசிட்டை நீர்த்து ஊற்றிக் கழுவுவது சாதாரணத் தளத்துக்குப் போதும், பளபளத் தளத்துக்குப் போதாது. ஆசிட் ஊற்றினால் மிச்சமே இல்லாமல் கழுவிவிட வேண்டும். தங்கிய ஆசிட்டும் பூச்சைக் கெடுக்கும்.

கான்கிரீட் போட்டபிறகு 28 நாள் காத்திருக்கணுமா? காண்ட்ராக்டர் 10 நாள்ல பூசிடலாம்கிறார்.

காத்திருங்கள். முதல் இரண்டு வாரம் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். மிச்ச நாள் காயவிடுங்கள். புதுக் கான்கிரீட்டில் ஈரமும் காரத்தன்மையும் அதிகம், இரண்டும் அக்ரிலிக்கின் பிடிப்பைக் கெடுக்கும். தண்ணீர் ஊற்றுவதற்குப் பதிலாகக் கியூரிங் காம்பவுண்ட் தெளிக்கிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது மெழுகுப் படலம் போல மேலே நின்று, வருகிற பூச்சை ஒட்டவிடாது.

28 நாள் என்பதும் குறைந்தபட்சம்தான். மழை பெய்திருந்தால் இன்னும் ஆகும். ஒன்றரை அடிச் சதுரத்தில் தெளிவான பாலித்தீனை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு ராத்திரி, அதாவது 16 மணி நேரம் விடுங்கள். காலையில் உள்பக்கம் நீர் முத்துகள் கோத்திருந்தாலோ அடியில் கான்கிரீட் கறுத்திருந்தாலோ பூச்சைத் தள்ளிவையுங்கள். தளத்தின் நாலைந்து இடங்களில் ஒட்டிப் பாருங்கள், குறிப்பாக நிழல் விழும் மூலையில்.

பூசி ரெண்டு மாசத்துல கொப்புளம் கொப்புளமா எழும்புது. பொருள் மட்டமா?

பெரும்பாலும் பொருள் இல்லை, அடியிலிருந்து வரும் ஈரம். ஒரு குடியிருப்பில் இப்படித்தான் கூப்பிட்டார்கள். நீலத் தளத்தின் கிழக்கு ஓரத்தில் மட்டும் ரூபாய்க் காசு அளவிலிருந்து உள்ளங்கை அளவு வரை முப்பது நாற்பது கொப்புளங்கள். ஒன்றைப் பிளேடால் கீறினேன். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர், சுற்றிலும் உப்பு போல வெள்ளைப் பொடி பூத்திருந்தது. எழுந்து பார்த்தால், அந்த ஓரத்தை ஒட்டியே செம்பருத்தியும் நந்தியாவட்டையும் வைத்த பாத்தி. தினமும் காலையிலும் மாலையிலும் தண்ணீர் விடுகிறார்கள். கான்கிரீட்டுக்கு அடியில் பாலித்தீன் போடவே இல்லை. ஈரம் பக்கத்திலிருந்து ஊறி, வெயிலில் ஆவியாகி மேலே தள்ளியிருக்கிறது.

கொப்புளத்தை மட்டும் வெட்டி ஒட்டினால் திரும்ப வரும். ஈரம் வரும் வழியை முதலில் அடைக்க வேண்டும். அங்கே பாத்தியைத் தள்ளிவைத்து, தளத்தை ஒட்டி ஒரு வடிகால் எடுத்து, கோடை முழுக்கக் காயவிட்டபின்தான் அந்தப் பகுதியைச் சுரண்டித் திரும்பப் பூசினோம். புதிதாகப் போடுகிறவர்கள் பாலித்தீனில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

விரிசலே வராம கான்கிரீட் போட முடியுமா?

கம்பிவடங்களை இழுத்து இறுக்கும் போஸ்ட் டென்ஷன் முறையில் ஏறக்குறைய முடியும், செலவு அதிகம். சாதாரணத் தளத்தில் விரிசல் எங்கே வர வேண்டும் என்று நாம் தீர்மானிக்கலாம். கான்கிரீட் இறுகியதும், அன்றோ மறுநாள் காலையோ, கட்டர் வைத்துக் கனத்தில் கால் பங்கு ஆழத்துக்கு வெட்டுக்கோடு போட வேண்டும். வலைக்கு நேர் கீழே ஒரு வெட்டு வரட்டும். அங்கே பந்து விழாது, கண்ணிலும் படாது. மற்ற வெட்டுகளை முடிந்தவரை ஆட்டக் கோட்டுக்கு வெளியே தள்ளுங்கள். எத்தனை வெட்டு என்பது எவ்வளவு கம்பி கட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வெட்டில் இளகு தன்மையுள்ள சீலன்ட் நிரப்புவார்கள். அதன்மேல் போகும் அக்ரிலிக்கில் மயிரிழைக் கோடு ஒன்று தெரியத்தான் செய்யும். அதைக் குறையாக எடுக்காதீர்கள்.

எந்த மாசத்துல பூசலாம்?

பொங்கல் முடிந்து மார்ச் வரை மிக நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை நேரத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, தொடவே வேண்டாம். அக்ரிலிக் காய்வது என்றால் தண்ணீர் ஆவியாகி, உள்ளிருக்கும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாவது. அதற்குள் மழை பிடித்தால் கலர் சாக்கடையில் ஓடும்.

ஏப்ரல், மே என்றால் பனி காய்ந்ததும் காலையிலேயே ஒரு கோட், வெயில் தாழ்ந்ததும் ஒரு கோட். தளத்தின் வெப்பம் 60 டிகிரியை நெருங்கினால் பூசக் கூடாது. என் வழக்கம், உள்ளங்கையைத் தளத்தில் ஐந்து எண்ணும் வரை வைப்பது. வைக்க முடியாவிட்டால் வேலை இல்லை. நடு வெயிலில் ஸ்குவீஜி என்னும் ரப்பர் இழுப்பானால் இழுக்கும்போதே பொருள் காய்ந்து, ஒரு வீச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே வரிவரியாகத் தடம் நிற்கும்.

வலைக் கம்பம், கோடு எல்லாம் கடைசியில பார்த்துக்கலாமா?

கோட்டைப் பார்த்துக்கொள்ளலாம். கம்பத்தை அல்ல. இரண்டு கம்பத்துக்கும் நடுவே 22 அடி. அதற்கான குழாயைக் கான்கிரீட் போடும் முன்பே அடித்தளம் கட்டிப் பதிக்க வேண்டும். மறந்துவிட்டுப் பிறகு தளத்தை உடைத்தவர்கள் நிறைய.

கோடு எல்லாம் 2 இன்ச் அகலம். அளவுகள் கோட்டின் வெளி விளிம்பு வரைக்கும். சதுரம் சரியா என்று பார்க்க மூலைவிட்டத்தை அளந்தால் போதும்: முழுக் கோர்ட்டுக்கு 48 அடி 4 இன்ச் வர வேண்டும், இரண்டு பக்கமும். டேப் ஒட்டியதும் அதன் ஓரத்தில் முதலில் ஒரு தெளிவான பிரைமரை அடித்தால்தான் வெள்ளை அடியில் கசியாமல் கத்தி வெட்டியது போல விளிம்பு வரும்.

மொட்டை மாடியில போடலாமா?

பூச்சு மட்டும் என்றால் எடை ஒன்றுமில்லை. சிக்கல் வாட்டத்தில். நம் மாடிகள் மூலைக்கு மூலை தண்ணீர்க் குழாயை நோக்கிச் சரிந்திருக்கும், மேலே தட்டோடு பதித்திருக்கும். தட்டோட்டின் மேல் பூசினால் ஒவ்வொரு இணைப்பும் கோடாக வெடிக்கும். சரி, மேலே 4 இன்ச் கான்கிரீட் போட்டு ஒரே சரிவாக்கலாம் என்பார்கள். கணக்குப் பாருங்கள்: அது சதுர மீட்டருக்கு 250 கிலோ. ஏறிப் போகும் மாடிக்கு ஐஎஸ் 875 என்னும் இந்தியத் தரநிலை சொல்லும் பயன்பாட்டுப் பாரமே சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், சுமார் 150 கிலோ. கட்டட வரைபடத்தைப் பார்த்து ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்துப் போடாமல் ஒரு சட்டி கான்கிரீட்கூட மேலே ஏற்றாதீர்கள்.

குஷன் கோட் போட்டா சத்தம் குறையும்னாங்களே?

முழங்காலுக்கு நல்லது. ரப்பர் துகள் கலந்த அந்த அடுக்குகள் கால் அதிர்வைக் குறைக்கும், வயதானவர்கள் அதிகம் ஆடும் இடத்தில் நானே போடச் சொல்வேன். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரை எழுப்புவது தரையில் படும் சத்தம் அல்ல, கெட்டியான பிளாஸ்டிக் பந்து மட்டையில் படும் 'டக்'. அதைத் தரை என்ன செய்யும்? படுக்கையறை ஜன்னல்களிலிருந்து தள்ளி இடம் பாருங்கள், நேரக் கட்டுப்பாடு வையுங்கள். இதைத் திட்டம் போடும்போதே பேசாத சங்கங்களில் கோர்ட் திறந்த மாதமே சண்டை வந்திருக்கிறது.

மூணு கொட்டேஷன் வந்திருக்கு, மூணும் மூணு மாதிரி. எதை எடுக்க?

முதலில் பரப்பைப் பாருங்கள். ஒருவர் கோட்டுக்குள் இருக்கும் 880 சதுர அடிக்கும், இன்னொருவர் 1,800 சதுர அடிக்கும் கணக்குப் போட்டிருப்பார். பிறகு எத்தனை கோட், எந்தெந்தப் பொருள், சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்று எழுத்தில் கேளுங்கள். பொருள் சீல் உடையாத டப்பாவில் தளத்துக்கு வர வேண்டும், காலி டப்பாக்களை எண்ணிக் காட்ட வேண்டும் என்றும் எழுதிவிடுங்கள். காசுச் சோதனையில் தேறினால்தான் கலர் என்ற வரியையும் சேருங்கள். அந்த வரிக்குத் தயங்காமல் ஒத்துக்கொள்கிறவரிடம் கொஞ்சம் அதிகம் கொடுத்தாலும் நான் வேலையைக் கொடுப்பேன்.

போட்டாச்சு. இனி எத்தனை வருஷம் வரும்?

ஆடும் அளவைப் பொறுத்து நாலு முதல் எட்டு வருஷத்தில் மேல் கலர் பூச்சைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். தளம் நன்றாக இருந்தால் அது இரண்டு மூன்று நாள் வேலை. கடைசிப் பூச்சுக்குப் பிறகு குறைந்தது மூன்று நாள் யாரையும் ஏறவிடாதீர்கள். அதன்பின் மென்மையான துடைப்பத்தால் பெருக்குவது, மழைக்காலம் முடிந்ததும் நிழல் பக்கப் பாசியை லேசான சோப்புத் தண்ணீரால் கழுவுவது, இவை போதும். சைக்கிள், பைக் வேண்டாம். அபார்ட்மென்ட் விழாவுக்கு அங்கே பந்தல்கால் நடுவதோ இரும்பு நாற்காலி போடுவதோ வேண்டாம். வேப்ப மரம் பக்கத்தில் இருந்தால் பழம் விழும் பருவத்தில் தினமும் பெருக்கிவிடுங்கள். நசுங்கிய பழத்தின் கறை நீலத்தில் ஊறிவிட்டால் எந்தச் சோப்புக்கும் போகாது.